இலட்சியக் கட்டுரையும் ஒரு நாள் கணக்கும்

தமிழாசிரியர் விடுப்பில் இருந்த ஒரு நாள், எட்டாம் வகுப்புக்கு மாற்றுப் பாடவேளையாகச் சென்றேன். நான் கணித ஆசிரியர். அரை மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்று யோசித்து, எல்லோருக்கும் தெரிந்த தலைப்பையே கரும்பலகையில் எழுதினேன்: ‘என் எதிர்கால இலட்சியம்’.

வகுப்பில் 37 பேர். தாள்களை வாங்கி எண்ணிப் பார்த்தேன். மருத்துவர் 14, காவல்துறை 9, மாவட்ட ஆட்சியர் 6, ஆசிரியர் 5, பொறியாளர் 2. மொத்தம் 36. மீதம் ஒரு தாள். அதில் தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே பேனாக் கோடு ஒன்று வளைந்து வளைந்து தாளின் அடிவரை இறங்கியிருந்தது. எழுதத் தொடங்கியவன் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான்.

"இலட்சியம்னு எழுதச் சொன்னா தூங்குறியே, உனக்கு ஒரு இலட்சியமும் இல்லையா?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றான். அன்று பௌர்ணமிக்கு மறுநாள் என்பது எனக்கு நினைவில் இல்லை. திருவண்ணாமலையில் பணியாற்றும் ஆசிரியருக்கு அது நினைவில் இருந்திருக்க வேண்டும்.

கிரிவலப் பாதையில் கற்றது

எங்கள் ஊரில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அந்தப் பாதையில் பெருங்கூட்டம் நடக்கும். இரவெல்லாம் நடப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், மோர் வேண்டும், இட்லி வேண்டும், பூவும் கற்பூரமும் வேண்டும். எங்கள் மாணவர்களின் குடும்பங்களில் பல இந்தக் கூட்டத்தை நம்பி இருப்பவை. பூக்கட்டுபவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வாகன நிறுத்தங்களில் சீட்டுக் கிழிப்பவர்கள் என்று பட்டியல் நீளும்.

அடுத்த பௌர்ணமிக்கு என் மாமியாருடன் கிரிவலம் சென்றேன். குபேர லிங்கத்தைத் தாண்டும்போது இரவு பதினொன்றரை மணி. "தண்ணி, ஐஸ் தண்ணி" என்று கேட்ட குரல் தெரிந்த குரலாக இருந்தது. அவன்தான். ஒரு கடையின் முன்னால் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் பெட்டிக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான்.

அதற்குள் ஒருவர் மூன்று ஒரு லிட்டர் பாட்டிலும் இரண்டு அரை லிட்டர் பாட்டிலும் வாங்கிக்கொண்டு இருநூறு ரூபாய் நோட்டை நீட்டினார். லிட்டர் இருபது, அரை லிட்டர் பத்து. அவன் ஒரு நொடியும் தயங்காமல் நூற்று இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். முந்தைய வாரம் நான் வைத்த ‘வாழ்வியல் கணிதம்’ தேர்வில் இலாப நட்டக் கணக்குக்கு அவன் வாங்கியது பூஜ்யம்.

எனக்கு வியப்பு, மகிழ்ச்சி, கொஞ்சம் குற்றவுணர்வு எல்லாம் சேர்ந்து வந்தன. திங்கட்கிழமை அவனை வகுப்பின் முன்னால் நிறுத்தினேன். "இந்த வயசிலேயே சொந்தக் கால்ல நிக்கிறான். அப்துல் கலாம்கூடச் சின்ன வயசில செய்தித்தாள் போட்டவர்தான்" என்று சொல்லிக் கைதட்டச் சொன்னேன். எல்லோரும் தட்டினார்கள். அவன் மட்டும் தலையை நிமிர்த்தவில்லை.

மதிய உணவு இடைவேளையில் தலைமையாசிரியர் அம்மா அழைத்தார். செய்தி அவருக்குப் போயிருந்தது.

"அவனுக்கு என்ன வயசு?"

"பதிமூணு முடியலீங்க மேடம்."

"பதிமூணு வயசுப் பையன் ராத்திரி முழுக்க முழிச்சு இன்னொருத்தர் கடையில நிக்கிறான். அதுக்கு நம்ம பள்ளிக்கூடத்தில கைதட்டினோமா?"

என்னிடம் பதில் இல்லை. முதல்முறை அவனைத் தூங்குமூஞ்சி என்று அவமானப்படுத்தினேன். இரண்டாம்முறை உழைப்பாளி என்று புகழ்ந்தேன். இரண்டு முறையும் அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்று கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்று மாலை தலைமையாசிரியர் எனக்கு விளக்கியதை இங்கே சுருக்கமாகத் தருகிறேன். நம்மில் பலருக்கு இது பொதுவாகத் தெரியும், நுணுக்கமாகத் தெரியாது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016-இல் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பிறகு, 14 வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ‘ஆபத்தில்லாத வேலைதானே’ என்ற விலக்கு கிடையாது. மீறும் உரிமையாளருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

ஒரு விலக்கு உண்டு. குழந்தை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் உதவலாம். அந்தத் தொழில் ஆபத்தானதாக இருக்கக் கூடாது. உதவி, படிப்பைக் கெடுக்கக் கூடாது. அம்மாவின் பூக்கடையில் மாலையில் ஒரு மணி நேரம் பூ கட்டிக் கொடுப்பது இதில் அடங்கும். இன்னொருவர் கடையில் கூலிக்கு நிற்பது அடங்காது.

14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று சட்டம் அழைக்கிறது. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பிடிக்கும் பொருள், சட்டம் அபாயகரமானவை என்று வகுத்துள்ள செயல்முறைகள் ஆகியவற்றில் இவர்களையும் அமர்த்தக் கூடாது. மற்ற வேலைகளிலும் மாலை 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. ஆகவே அவனுக்குப் பதினைந்து வயதாகியிருந்தாலும் அந்த இரவு வேலை சட்டப்படி தவறுதான்.

"சட்டத்தைத் தெரிஞ்சுக்கோ, ஆனா அதை எடுத்துக்கிட்டுப் போய் அந்த அம்மாவைப் பயமுறுத்தாதே" என்றார் தலைமையாசிரியர்.

ஒரு வீட்டுக் கதவு

மறுநாள் மாலை அவன் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை வாடகை வீடு. அம்மா வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பூக்கூடையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"ஏதாவது தப்பு பண்ணிட்டானா டீச்சரம்மா?"

"அவன் ஒரு தப்பும் பண்ணலைங்க. நாங்கதான் பேச வந்தோம்."

அப்பா பெங்களூருவில் கட்டட வேலை செய்கிறார். அனுப்பும் பணம் ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி வருவதில்லை. பௌர்ணமிக்கு இரண்டு இரவு கடையில் நின்றால் இரவுக்கு முந்நூறு ரூபாய். "அந்த அறுநூறு வாடகைக்கு ஆவுது. புள்ளைய ராத்திரில அனுப்பணும்னு எனக்கு ஆசையா டீச்சரம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சட்டப்பிரிவு எதையும் நாங்கள் பதிலாகச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் மூன்று காரியங்கள் நடந்தன. தலைமையாசிரியர் கடைக்காரரைச் சந்தித்துச் சட்டத்தைச் சொன்னார். "கஷ்டப்படுற குடும்பம்னுதான் மேடம் வேலை குடுத்தேன்" என்ற அவர், அதோடு நிறுத்திக்கொண்டார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒரு தாய், இந்த அம்மாவைத் தன் மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்த்துவிட்டார். சில மாதங்களில் குழுக் கடனில் பூ விற்கத் தள்ளுவண்டி ஒன்று வந்தது. மூன்றாவது, என் வகுப்பறையில் நடந்தது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஐந்து பாடவேளைகள்

‘இலட்சியம் என்ன?’ என்ற கேள்விக்கு 36 பேர் எழுதிய விடைகள் வழிகாட்டி நூல்களில் உள்ள விடைகள். அவர்கள் பொய் எழுதவில்லை. தாங்கள் அன்றாடம் பார்க்கும் உழைப்புக்கும் தாங்கள் எழுதும் இலட்சியத்துக்கும் தொடர்பு உண்டு என்று நாம் காட்டவில்லை, அவ்வளவுதான். எனவே இலட்சியத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இன்றைய நாளிலிருந்து தொடங்கினேன்.

முதல் பாடவேளை: ஒரு நாள் வட்டம். எட்டாம் வகுப்புப் புள்ளியியலில் வட்ட விளக்கப்படம் உண்டு. ஒரு நாள் 24 மணி நேரம், வட்டம் 360 பாகை. ஆகவே ஒரு மணி நேரம் 15 பாகை. நேற்றைய நாளைத் தூக்கம், பள்ளி, படிப்பு, விளையாட்டு, வீட்டு வேலை, வெளி வேலை, மற்றவை என்று பிரித்து வரையச் சொன்னேன். தாளில் பெயர் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

வரைந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்தாள். "தண்ணி எடுக்கிறது, சோறு வடிக்கிறது, தம்பியைப் பாத்துக்கிறது இதெல்லாம் வேலைன்னு எழுதலாமா டீச்சர்?"

"எழுதலாம். வேலைதானே."

அவள் வட்டத்தில் வீட்டு வேலை மட்டும் 75 பாகை. அதாவது 5 மணி நேரம். இலட்சியக் கட்டுரையில் மருத்துவர் என்று எழுதியிருந்தவள் அவள். படிப்புக்கு அவள் வட்டத்தில் இருந்தது ஏழரைப் பாகை, அரை மணி நேரம். வகுப்பில் இருந்த 19 மாணவிகளில் 16 பேரின் வட்டத்தில் வீட்டு வேலை இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது. பையன்களில் அப்படி இருந்தவர்கள் மூவர். பௌர்ணமி இரவில் கடையில் நிற்பவனைத் தெருவில் பார்த்துவிடலாம். வீட்டுக்குள் நிற்பவளை இந்த வட்டம் இல்லாமல் நான் பார்த்திருக்க மாட்டேன்.

இரண்டாம் பாடவேளை: உழைப்பின் கணக்கு. ஒரு கற்பனை மாணவனை எடுத்துக்கொண்டோம். மாலை 6 முதல் அதிகாலை 4 வரை வேலை, கூலி 300 ரூபாய். மணிக்கு எவ்வளவு? முப்பது ரூபாய். ஆண்டில் 13 பௌர்ணமி வந்தால், பௌர்ணமிக்கு இரண்டு இரவு என்று வைத்தால் 26 இரவு. வருமானம் 7,800 ரூபாய். மறுநாள் தூங்கிப்போகும் பள்ளி நாட்கள் எத்தனை? அவற்றில் எத்தனை பாடவேளை? இதையும் கணக்கிட்டார்கள்.

பிறகு இன்னொரு கணக்கு. எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித்தொகைத் தேர்வில் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய். ஆண்டுக்கு 12,000. நான்கு ஆண்டுகளுக்கு 48,000. வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது. இந்தத் தேர்வைப் பற்றி இதற்கு முன்பு பலமுறை அறிவித்திருக்கிறோம். 7,800-க்குப் பக்கத்தில் எழுதிக் காட்டியபோதுதான் அது அவர்களுக்குப் பணமாகத் தெரிந்தது.

மூன்றாம் பாடவேளை: ஓர் உழைப்பாளியிடம் ஏழு கேள்விகள். வார இறுதியில் ஒவ்வொருவரும் தம் தெருவில் வேலை செய்யும் பெரியவர் ஒருவரைச் சந்திக்க வேண்டும். பெற்றோரையோ அறிந்த பெரியவரையோ துணைக்கு அழைத்துப் போக வேண்டும். கேள்விகள் இவை:

1. இந்த வேலைக்கு எந்த வயதில் வந்தீர்கள்? யார் அழைத்து வந்தார்கள்?
2. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிப்பீர்கள்?
3. வேலையை யாரிடம், எவ்வளவு காலம் கற்றீர்கள்?
4. பள்ளியில் படித்ததில் எது இங்கே பயன்படுகிறது?
5. மழை வந்தால், உடம்பு சரியில்லாவிட்டால் அன்றைய வருமானம் என்ன ஆகும்?
6. இன்னும் என்ன படித்திருந்தால் இதே வேலையில் மேலே போயிருப்பீர்கள்?
7. உங்கள் பிள்ளை இந்த வேலைக்கு வரலாமா? ஏன்?

நான்காம் பாடவேளை: விடைகளைப் பகிர்தல். பூ விற்பவர், பரோட்டா மாஸ்டர், கொத்தனார், மின்வாரிய ஊழியர், செவிலியர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று ஊரே வகுப்புக்குள் வந்தது. ஐந்தாவது கேள்வி பெரிய பாடம் நடத்தியது. மாதச் சம்பளக்காரருக்கும் நாள் கூலிக்காரருக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "மழை வந்தா எனக்கு அன்னிக்கு லீவு, சம்பளம் கிடையாது" என்று கொத்தனார் சொன்னதை ஒரு மாணவன் அப்படியே படித்தான். ஏழாவது கேள்விக்கு ‘வரலாம்’ என்று சொன்னவர்கள் குறைவு. தையற்கார அம்மா ஒருவர் மட்டும், "வரட்டும், ஆனா பன்னெண்டாவது முடிச்சிட்டு, டிசைனிங் படிச்சிட்டு வரட்டும்" என்று சொல்லியிருந்தார்.

கடையில் தண்ணீர் விற்ற நம் மாணவன் சந்தித்தது ஒரு குளிர்பதனப் பெட்டி மெக்கானிக்கை. "ஏன் அவரைப் பார்த்தே?" என்று கேட்டேன். "கடை ஃபிரிட்ஜ் ஒரு ராத்திரி நின்னுடுச்சு டீச்சர். அண்ணன் வந்து அரை மணி நேரத்தில ஓட்டிட்டாரு. எப்படின்னு அப்பவே கேக்கணும்னு இருந்தேன். கூட்டத்தில கேக்க முடியல." அந்த மெக்கானிக் ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு படித்தவர். ஆறாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்: "டிப்ளமோ முடிச்சிருந்தா பெரிய கம்பெனிகளோட ஏசி பிளான்ட்டைப் பாத்திருப்பேன்."

ஐந்தாம் பாடவேளை: இலட்சியத்திலிருந்து இறங்கும் படி. தாளின் மேலே இலட்சியம். அதற்குக் கீழே அதற்கு முந்தைய படிப்பு. அதற்கும் கீழே அதற்கு முந்தையது. இப்படி இறங்கி, கடைசிப் படியில் ‘இந்த வாரம் நான் செய்வது’ என்று முடிய வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வழிகள் உண்டு என்பதே பலருக்குப் புதிய செய்தி. தொழிற்கல்விப் பிரிவு உள்ளிட்ட மேல்நிலைக் கல்வி ஒன்று. பாலிடெக்னிக் பட்டயம் இன்னொன்று. ஐ.டி.ஐ. மூன்றாவது. இவை தனித்தனிக் கிணறுகள் அல்ல. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். பட்டயம் முடித்தவர் பொறியியலில் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. உயர்கல்வியில் சேரும் மாணவிகளுக்கு 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. ஒன்பதாம் வகுப்பு முதல் நான் முதல்வன் வழிகாட்டல் கிடைக்கிறது. இவற்றைத் தனித்தனி அறிவிப்புகளாகப் படித்தபோது காதில் விழாதவை, அவரவர் படியில் எழுதியபோது நினைவில் நின்றன.

இரண்டு தலைவர்கள், ஒரு பாடம்

ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகவும், அக்டோபர் 15-ஐ இளைஞர் எழுச்சி நாளாகவும் கொண்டாடுகிறோம். காமராசரும் கலாமும் சிறுவயதில் வேலை செய்தவர்கள். நானும் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் இருவர் கதையையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை.

விருதுநகரில் 1903-இல் பிறந்த காமராசர் சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு நின்றது. மாமாவின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மீண்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்த கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைச் சேகரிக்கத் தன் உறவினருக்கு உதவினார். ஆனால் அவர் பள்ளி நிற்கவில்லை. பறவை பறப்பதைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்க் காட்டிய சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் இருந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லாதபோது தன் நகையை அடகு வைத்த அக்காள் இருந்தார். ‘கலாமும் பேப்பர் போட்டார்’ என்று அன்று வகுப்பில் நான் சொன்னபோது, அந்த ஆசிரியரையும் அக்காளையும் விட்டுவிட்டேன். அவரை மேலே கொண்டுபோனது அந்தக் கூலி மட்டும் அல்ல. வேலைக்குப் பிறகும் அவருக்குப் பள்ளி இருந்தது.

காமராசர் தனக்கு நின்றுபோன பள்ளியை மறக்கவில்லை. 1953-இல் இங்கே ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஒரு வேளை பள்ளி, மறு வேளை பெற்றோரின் தொழில் என்பது அதன் அமைப்பு. குலக்கல்வித் திட்டம் என்று அது எதிர்க்கப்பட்டது. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. 1956-இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. வேலைக்குப் போகும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவர, அவன் தட்டில் சோறு வேண்டும் என்று அறிந்தவர் அவர்.

இந்த வரலாறு என் ஐந்து பாடவேளைகளுக்கும் எல்லை வகுத்தது. உழைப்பைப் பற்றிப் பிள்ளைகள் அறிய வேண்டும். பெற்றோர் தொழிலை மதிக்க வேண்டும். ஆனால் பூக்காரர் மகனுக்குப் பூக்கடை என்று நம் பாடம் ஒருபோதும் முடியக் கூடாது. அதனால்தான் தம் குடும்பத் தொழில் அல்லாத ஒருவரையே சந்திக்க வேண்டும் என்ற விதியை அடுத்த ஆண்டு முதல் மூன்றாம் பாடவேளையில் சேர்த்தேன்.

செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில எச்சரிக்கைகள்

ஒரு நாள் வட்டத்தை வகுப்பில் ஒட்டி வைக்காதீர்கள். ஆசிரியர் மட்டும் பாருங்கள். யாருடையது என்று தெரிந்தாலும் தெரியாதது போல் இருங்கள். தனியாகப் பேசும் வாய்ப்பு வரும்.

வேலைக்குப் போகும் பிள்ளையை வகுப்பில் கண்டிக்கவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். இரண்டையும் செய்து நான் கற்றுக்கொண்டது இது.

தலைமையாசிரியரிடம் சொல்லாமல் தனியாக வீட்டுக்கோ கடைக்கோ போகாதீர்கள். பிள்ளை ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால், கட்டணமில்லாத 1098 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. கல்வி வழிகாட்டலுக்கு 14417. இரண்டு எண்களையும் மாணவர்களின் கணித ஏட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்திருக்கிறேன்.

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் பள்ளியில் தேர்வு வைப்பதில்லை. வருகைப் பதிவேட்டையும் நாட்காட்டியையும் சேர்த்துப் பார்க்கிறோம். உங்கள் ஊரில் அது சந்தை நாளாகவோ அறுவடைக் காலமாகவோ செங்கல் சூளைப் பருவமாகவோ இருக்கலாம். பிள்ளைகள் எந்த நாட்களில் வராமல் போகிறார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

இன்று

அந்த ஆண்டு உதவித்தொகைத் தேர்வை வகுப்பில் 22 பேர் எழுதினார்கள். 75 பாகை வீட்டு வேலை செய்த மாணவி தேர்வானாள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு நாள் வட்டத்தைப் பொதுவாக விளக்கியபோது, அவள் அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஆறாம் வகுப்புத் தம்பி தண்ணீர்க் குடம் தூக்கத் தொடங்கியதாக அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நம் மாணவன் தேர்வாகவில்லை. 48,000 ரூபாய்க் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் அன்றே எல்லாம் முடிந்திருக்கும். முடிவு வந்த நாளில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவன்தான் வந்து, "பரவால்ல டீச்சர், படியில அது ஒண்ணுதானே போச்சு" என்றான்.

இப்போது பத்தாம் வகுப்பு. மாலையில் அம்மாவின் தள்ளுவண்டிக்குப் பூக்கூடையை எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். பௌர்ணமி இரவில் தூங்குகிறான். சென்ற கார்த்திகை தீபத்தின்போது மட்டும், "கூட்டம் ரொம்ப டீச்சர், அம்மாவால முடியல" என்று ஒன்பது மணி வரை வண்டியருகில் நின்றதாக அவனே வந்து சொன்னான். ஏழு மணிக்கு மேல் நிற்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் திட்டவில்லை. அடுத்த தீபத்துக்குக் குழுவிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைக்க முடியுமா என்று அவன் அம்மாவிடம் பேசியிருக்கிறேன்.

சென்ற மாதம், அதே பழைய தலைப்பில் மீண்டும் ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். அவன் எழுதியதிலிருந்து சில வரிகள், அவன் அனுமதியோடு:

"நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்து ஏசி, குளிர்பதனம் பற்றிப் படிக்க விரும்புகிறேன். மார்க் குறைந்தால் ஐ.டி.ஐ.யில் சேர்ந்து, பிறகு டிப்ளமோ இரண்டாம் வருஷத்தில் சேருவேன். ஒரு பெட்டி ஐஸ் எவ்வளவு நேரத்தில் உருகும் என்று எனக்கு முன்பே தெரியும். ஏன் உருகுகிறது என்று இப்போது அறிவியலில் படிக்கிறேன். இந்த வாரம் நான் செய்வது: வெப்பம் பாடத்தில் உள்ள கணக்குகளைப் போட்டு முடிப்பது."

அந்தத் தாளை, பேனாக் கோடு இழுபட்ட பழைய தாளோடு சேர்த்து என் பாடக்குறிப்பேட்டில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய எட்டாம் வகுப்புக்குள் நுழையும் முன் இரண்டையும் ஒரு முறை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆசிரிய நண்பர்களே, இந்த ஐந்து பாடவேளைகளில் உங்கள் வகுப்புக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கும் நேரமில்லை என்றால் ஒரு நாள் வட்டத்தை மட்டுமாவது வரைய வையுங்கள். அதற்கு ஒரு வெள்ளைத் தாளும் கவராயமும் பாகைமானியும் போதும்.